ஹெச் பைலோரி என்ற வயிற்றுக் கிருமி போய்விட்டதா என்று பார்க்க ரத்தம் கொடுக்காதீர்கள்

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கமிருந்து ராமநாதபுரத்துக்கு டெஸ்ட் எடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். லேப் பெயரைப் போடவில்லை, இது ஒரு லேப்போடு முடிகிற விஷயம் இல்லை.

உம்மாவுக்குப் போன வருடம் தீராத வயிற்றெரிச்சல். மதுரையில் என்டோஸ்கோபி பார்த்து, இரைப்பையில் புண், ஹெச் பைலோரி கிருமி என்று சொல்லி இரண்டு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். எரிச்சல் நின்றது, நோன்பும் தடையில்லாமல் பிடித்தார். கிருமி போய்விட்டதா என்று பிறகு ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், லாத்தா (அக்கா) அவரை டவுனில் ஒரு லேப்புக்குக் கூட்டிப்போனார். மருந்து சாப்பிட்டு முடித்தாயிற்று, இப்போது கிருமி இருக்கிறதா என்றுதான் தெரிய வேண்டும் என்று தெளிவாகவே கேட்டார். "அதுக்கும் இந்த டெஸ்ட்தான்மா" என்று ரத்தம் எடுத்தார்கள்.

ரிப்போர்ட்டில் கொட்டை எழுத்தில் பாசிட்டிவ். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷில் ஒரு வரி: இதை வைத்து இப்போதைய தொற்றா, பழைய தொற்றா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதை யார் படிக்கிறார்கள்? மாடியில் இருந்த அவர்களுடைய டாக்டர் ஒரு வார்த்தை கேட்காமல் இன்னொரு கோர்ஸ் எழுதினார், மாத்திரையும் அங்கேயே வாங்க வேண்டும். உம்மாவுக்கு வாயெல்லாம் இரும்புக் கசப்பு, மீன் ஆணத்தைத் தொடவே இல்லை, அப்புறம் மலம் கறுப்பாகப் போனதும் ரத்தம்தான் என்று பயந்து எல்லோரும் மதுரைக்கு ஓடினோம். அது மாத்திரையில் இருந்த பிஸ்மத் என்ற மருந்தின் வேலையாம்.

அங்கேதான் விளக்கினார்கள். ரத்தத்தில் பார்ப்பது கிருமியை இல்லை, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியை. கிருமி செத்த பிறகும் அது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் கிடக்கும். இப்போது கிருமி இருக்கிறதா என்று பார்க்க மலத்தில் ஆன்டிஜென் (கிருமியின் துணுக்கையே தேடுகிற) டெஸ்ட், இல்லையென்றால் ஊதிப் பார்க்கும் யூரியா மூச்சு டெஸ்ட். அதுவும் ஆன்டிபயாடிக், பிஸ்மத் முடிந்து 4 வாரமாவது ஆகியிருக்க வேண்டும், பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை டாக்டரிடம் கேட்டு 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற கிருமியும் தெரியாமல் போய்விடும். அப்படியே காத்திருந்து கொடுத்தோம், நெகட்டிவ். ஆனால் முதல் கோர்ஸிலேயே போய்விட்டதா, பாதி சாப்பிட்ட இரண்டாவதில் போனதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எனக்கு ஆத்திரமே அதுதான்.

லேப்பில் போய்க் கேட்டால், "ஆன்டிபாடி இருக்குன்னுதானே போட்டிருக்கோம், மெஷின் சரியாத்தான் காட்டியிருக்கு" என்கிறார்கள். சரி, நாங்கள் கேட்டது அதையா? பணத்தைத் திருப்பித் தரவில்லை.

புதிதாக எரிச்சல் வந்து போகிறவர்களுக்கும் இந்த ரத்த டெஸ்ட் பெரிதாக உதவாது, நம் நாட்டில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமி சின்ன வயதிலேயே தொற்றியிருக்கும். சீட்டில் ஐஜிஜி (இந்த ஆன்டிபாடி டெஸ்ட்தான்) என்று இருந்தால், ரத்தம் கொடுப்பதற்கு முன்பே எழுதிய டாக்டரிடம் மலப் பரிசோதனை போதுமா என்று கேளுங்கள். பிஸ்மத்தோ இரும்புச் சத்து மாத்திரையோ சாப்பிடாமலே மலம் கறுப்பாகப் போனால், வாந்தியில் ரத்தம் வந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால் மட்டும் எந்த லேப் வாசலிலும் நிற்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.