.375-க்கு கம்பெனித் தோட்டாவா, கையால் நிரப்பியதா?

ஆப்பிரிக்கக் காட்டெருமை வேட்டைக்கு நான் எடுத்துப்போவது .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் தோட்டா (.375 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில்). 1912-இல் வந்தது, இன்றைக்கும் ஆப்பிரிக்க வேட்டை முகாம்களில் அதிகம் தென்படுவது இதுதான். இதற்கு ஃபெடரல் கம்பெனி தன் சஃபாரி வரிசையில் 300 கிரெய்ன் (ஏறக்குறைய 19.4 கிராம்) எடையுள்ள ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம் குண்டு பொருத்திய தோட்டா விற்கிறது. அதே குண்டைத் தனியாக வாங்கி, பித்தளைக் கூட்டில் வெடிமருந்தை அளந்து போட்டு நானும் நிரப்பி வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே ரைஃபிளில் சுட்டுப் பார்த்ததை வைத்து எழுதுகிறேன். குண்டு வேறு வேறாக இருந்தால் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. விலங்கின் உடலுக்குள் போய் வேலை செய்வது குண்டுதான், அதைத் தள்ளிவிட்ட மருந்து யார் கையால் அளந்தது என்பது அங்கே தெரியாது.

குறி விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நான் நிரப்பியதைச் சுட்டால் துளைகள் கொஞ்சம் நெருக்கமாக விழுகின்றன. ஆனால் காட்டெருமையை ஐம்பது, அறுபது மீட்டரில் சுடுகிறோம். அந்தத் தூரத்தில் இந்த வித்தியாசத்துக்கு மதிப்பே கிடையாது. குறிக்காக மட்டும் யாராவது நிரப்பத் தொடங்கினால், அதை மான் வேட்டை ரைஃபிளுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

வேகம் அப்படி இல்லை. அதில் கவனம் வேண்டும். ஜிம்பாப்வேயில் யானை, காட்டெருமைக்குச் சட்டப்படி குறைந்தது 9.2 மில்லிமீட்டர் விட்டமும், குழல் வாயில் 5,300 ஜூல் ஆற்றலும் தேவை. 300 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 2,530 அடி வேகத்தில் கிளம்பினால் ஏறக்குறைய 5,780 ஜூல் வரும், கவலையில்லை. அதுவே 2,400 அடிக்கு இறங்கினால் 5,200 ஜூல்தான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் கம்பெனியின் சோதனைக் குழலில் அளந்தது. உங்கள் குழல் அதைவிடக் குட்டையாக இருந்தால் வேகம் குறையத்தான் செய்யும். அதனால் எந்தத் தோட்டாவாக இருந்தாலும் சொந்த ரைஃபிளில் வேகமானி வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள். கையால் நிரப்புகிறவரிடம் பெரும்பாலும் இந்தக் கருவி இருக்கும், பெட்டி வாங்குகிறவர் இதை நினைப்பதே அபூர்வம்.

அடுத்து வெயில். அந்தக் காலத்து கார்டைட் மருந்து சூட்டில் அழுத்தம் ஏறிவிடும். 1911-இல் வந்த .416 ரிக்பி தோட்டாவுக்கு அவ்வளவு பெரிய கூடு வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கூடு பெரிதானால் அழுத்தம் குறைவாகவே நிற்கும், சுட்ட கூடு சேம்பரில் (குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறை) ஒட்டிக்கொள்ளாது. இப்போது ஹாட்ஜ்டன் ஹெச்4350 மாதிரி, சூட்டுக்கு அதிகம் மாறாத மருந்துகள் கிடைக்கின்றன. நான் போடுவது அதுதான். கம்பெனித் தோட்டாவில் என்ன மருந்து என்று பெட்டி சொல்வதில்லை. அதனால் அதையும் நல்ல வெயில் நாளில் சுட்டுப் பார்த்த பிறகே நம்பினேன். சுட்ட கூடுகள் சிரமமில்லாமல் வெளியே வந்தன.

கம்பெனி என்றாலே கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்பவர்களுக்கு .458 வின்செஸ்டர் மேக்னத்தின் கதை தெரிந்திருக்க வேண்டும். 1956-இல் வந்தபோது 500 கிரெய்ன் குண்டுக்கு வினாடிக்கு 2,150 அடி என்றார்கள். சின்னக் கூட்டுக்குள் அழுத்தி அடைத்த மருந்து நாளாக நாளாகக் கட்டிதட்டிப்போய், சில தோட்டாக்களில் முழுதாக எரியவே இல்லை. 1959-இல் மொசாம்பிக்கில் ஜாக் லாட் என்ற வேட்டைக்காரர் காட்டெருமையிடம் அடிபட்டார். இன்னும் பலமான தோட்டா வேண்டும் என்று பிறகு அவர் உருவாக்கியதுதான் .458 லாட். நீளமான கூடு, அதே குண்டு, 2,300 அடி. பல வருடங்கள் கையால் நிரப்புகிறவர்களின் தோட்டாவாகவே அதிகம் ஓடியது. 2002-இல் ஹார்னடி பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தது. லாட் சேம்பரில் .458 வின்செஸ்டரையும் சுடலாம் என்பது பெரிய வசதி. பழைய மருந்துக் குறை எப்போதோ சரியாகிவிட்டது. ஆனாலும் அச்சடித்த பெட்டிக்குள்ளும் மோசமான தோட்டா இருக்கலாம் என்பதற்கு அது போதும்.

எனக்கே அப்படி ஒன்று வந்தது. ஃபெடரல் இல்லை, வேறொரு கம்பெனியின் பெட்டி. ஒரு தோட்டாவில் குண்டை உட்கார வைக்கும்போது கூட்டின் தோள் லேசாகப் பிதுங்கியிருந்தது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலால் தடவினால் தெரியும். தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட் பாதி வரை இறங்கி நின்றுவிட்டது. வீட்டில் நடந்ததால் சரி. இரண்டாவது குண்டு உடனே தேவைப்படும் இடத்தில் நடந்திருந்தால் கூட வந்தவர்களின் உயிருக்கே ஆபத்து.

அதனால் எந்தத் தோட்டாவுக்கும் ஒரே சோதனைதான். போல்ட்டிலிருந்து, தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டைக்குப் போகும் ஒவ்வொரு தோட்டாவையும் மேகசினிலிருந்து சேம்பருக்குள் ஏற்றி இறக்குகிறேன். பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தோட்டாவின் அடிப்பாகத்துக்கு மேலே துருத்தாமல் ஒரு முடியளவு உள்ளே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறேன். அப்புறம் கிரிம்ப், அதாவது குண்டு அசையாதபடி கூட்டின் வாயை மடித்திருப்பது. மேகசினை நிரப்பி மேலே இருப்பதைச் சுட்டால் உதையில் கீழே இருப்பவற்றின் குண்டு உள்ளே நகரலாம். அடியில் இருக்கும் தோட்டாவின் நீளத்தைச் சுடுவதற்கு முன்னும் பின்னும் காலிப்பரில் அளந்தால் தெரிந்துவிடும். ஃபெடரலில் அசைவே இல்லை. என்னுடையதிலும் இல்லை. குண்டில் இருக்கும் வரிப்பள்ளத்தில் கூட்டின் வாயை அழுத்தமாக மடித்திருக்கிறேன்.

கையால் நிரப்பியதில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது கூடு. .375-க்கு அடியில் பட்டை உண்டு. திரும்பத் திரும்பச் சுட்டு நிரப்பினால் பட்டைக்குச் சற்று மேலே பித்தளை நீண்டு மெலிந்துபோகும், கடைசியில் அங்கேதான் அறுந்துவரும். வேட்டைக்கு என்றால் புதுக் கூடு மட்டுமே போடுவேன். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

இவ்வளவும் பார்த்த பிறகு, காட்டெருமைக்கு என் மேகசினில் போவது ஃபெடரல்தான். கையால் நிரப்பியதில் குறை கண்டதால் இல்லை. சோதனையைத் தாண்டிவிட்டால் இரண்டும் சமம், சமமாக இருக்கும்போது எங்கும் மாற்று கிடைக்கும் தோட்டா மேல். கையால் நிரப்பியது பயிற்சிக்கு. அதன் உண்மையான பெருமையும் அங்கேதான். அதே 300 கிரெய்ன் எடையில் விலை குறைந்த குண்டைப் போட்டு வருடம் முழுக்கச் சுடலாம். நின்றபடி, கவைக்கோலில் வைத்து, வேகமாகப் போல்ட் இழுத்து இரண்டாவது, மூன்றாவது என்று பழகலாம். இந்த உதைக்குத் தோள் பழகாதவர் கையில் எந்தத் தோட்டாவும் உதவாது. பெட்டித் தோட்டாவை மட்டும் நம்பியிருப்பவர்கள் செலவுக்குப் பயந்து பத்து முறை சுட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

பழைய இரட்டைக்குழல் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு என் பதில் வேறு. அதில் இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்கும்படி ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்காகவே இசைத்திருப்பார்கள். .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்றால் 500 கிரெய்ன், 2,150 அடி. வேகம் மாறினால் குழல்கள் ஆளுக்கொரு பக்கம் அடிக்கும். கைனாக் என்ற தோட்டாக் கம்பெனி பெரிய தோட்டாக்களை நிறுத்திய காலத்தில் அந்தத் துப்பாக்கிகளைச் சுட வைத்தது கையால் நிரப்பியவர்கள்தான். இன்றும் அதற்கு ஏற்றபடி வேகத்தை அமைக்க நிரப்புவதே சரியான வழி.

பயணத்துக்கு ஒரு குறிப்பு. விமானத்தில் ஒருவருக்கு மொத்தம் 5 கிலோ தோட்டாதான், அதுவும் ரைஃபிளிலிருந்து தனியாகப் பூட்டிய பெட்டியில். கம்பெனியின் பெட்டியிலேயே இருக்க வேண்டும் என்று சில விமான நிறுவனங்கள் கேட்கின்றன, டிக்கெட் எடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். அந்தப் பெட்டி வந்து சேராமல் போனால் முகாமில் .375 கம்பெனித் தோட்டா கடன் வாங்கலாம். அப்படி வாங்கினால், கிளம்புவதற்கு முன் அதைச் சுட்டுக் குறி சரிபார்த்துவிட்டு, அதே சேம்பர் சோதனையையும் செய்துவிடுங்கள்.