கார் இல்லாமல் டெம்பியில்: கேம்பஸ் வாசலா, அப்பாச்சி சாலையா, தெற்குப் பக்கமா?

அமெரிக்காவின் டெம்பி நகரில் உள்ள அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் எல்லோரும் கேட்பது, "வீடு கேம்பஸிலிருந்து எவ்வளவு தூரம்?" என்பதுதான். வாடகை விளம்பரங்களும் அதற்கேற்ப "ஒன்றரை மைல்தான்", "சைக்கிளில் பத்து நிமிடம்" என்று ஆசை காட்டும். கார் ஓட்டத் தெரியாதவர், ஓட்டப் பிடிக்காதவர், வாங்கக் காசில்லாதவர் இந்தக் கணக்கை மட்டும் நம்பி வீடு பிடித்தால் மாட்டிக்கொள்வார். டெம்பியில் கேட்க வேண்டியவை வேறு இரண்டு கேள்விகள். ஆகஸ்ட் மாதம் மதியம் 3 மணிக்கு அந்தத் தூரத்தை எப்படிக் கடப்பீர்கள்? இரவு 11 மணிக்கு எப்படித் திரும்புவீர்கள்?

ஊரின் அமைப்பு தெரிந்தால் இது ஏன் என்று புரியும். கிழக்கு மேற்காக யுனிவர்சிட்டி டிரைவ், பிராட்வே, சதர்ன், பேஸ்லைன். வடக்கு தெற்காக மில், ரூரல், மெக்ளின்டாக். ஏறக்குறைய மைலுக்கு ஒன்றாக இப்படி அகலமான சாலைகள் ஓடுகின்றன. நடுவில் அமைதியான வீட்டுத் தெருக்கள். பெரிய சாலைகளில் அடுத்த சிக்னல் பல இடங்களில் அரை மைல் தள்ளி இருக்கும். எதிர்ச்சாரியில் கண்ணுக்கு நேராகத் தெரிகிற கடைக்குப் போக, சிக்னல் வரை நடந்து, பட்டனை அழுத்திக் காத்திருந்து, கடந்து, மறுபடி அதே தூரம் திரும்பி நடக்க வேண்டும்.

வெயிலைப் பற்றி ஒரே ஒரு தகவல் போதும். 2023 கோடையில் பக்கத்து ஊரான ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்சத்தில் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 43 செல்சியஸுக்கு, குறையாமல் அடித்தது. வறண்ட வெயில் என்பதால் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். உடம்பில் தண்ணீர் குறைவதே தெரியாது. வகுப்புகள் தொடங்குவது ஆகஸ்டில். நிழற்கூரை இல்லாத பஸ் நிறுத்தத்தில், கம்பம் போடுகிற ஒரு சாண் அகல நிழலில் ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் நிற்பதைப் பார்க்கலாம். சிரிப்பாக இருக்கும், நாமும் அந்த வரிசையில் சேரும் வரை.

சரி, கார் இல்லாதவர் வீடு பார்க்க மூன்று இடங்கள் உண்டு. முதலில் கேம்பஸ் வாசல். யுனிவர்சிட்டி டிரைவையும் மில் அவென்யூவையும் ஒட்டி மாணவர்களுக்கென்றே கட்டிய உயரமான குடியிருப்புகள் இருக்கின்றன. இவற்றில் பலவற்றில் வீட்டுக்கு ஒரே ஒப்பந்தம் கிடையாது; படுக்கையறைக்கு ஒரு ஒப்பந்தம். கூட இருப்பவர் வாடகை கட்டாமல் ஓடினாலும் உங்கள் தலையில் விழாது. ஆனால் மூன்று இடங்களில் இங்கேதான் வாடகை அதிகம். நள்ளிரவு தாண்டியும் ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பணம் தண்டமில்லை. கால் இருந்தால் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். காலை ஒரு வகுப்பு, மாலை ஒரு வகுப்பு என்று வந்து போகிறவர் இவ்வளவு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வாரச் சாமானுக்கும் வேலைக்கும் எப்படியும் வெளியே போகத்தான் வேண்டும். கேம்பஸுக்குள் சைக்கிளிலேயே சுற்றலாம் என்று நினைத்தால், பகல் நேரத்தில் நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பாதைகளில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

அடுத்தது அப்பாச்சி சாலை. என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2008 டிசம்பரில் ஓடத் தொடங்கிய வேலி மெட்ரோ ரயில், கேம்பஸின் வடக்கு ஓரத்தைத் தொட்டு, அப்பாச்சி வழியாகக் கிழக்கே மேசா ஊருக்குப் போகிறது. டார்சி, மெக்ளின்டாக், ஸ்மித்-மார்ட்டின், பிரைஸ் என்று வரிசையாக நிலையங்கள். ஸ்மித்-மார்ட்டின் பக்கத்தில் இருப்பவருக்குக் கேம்பஸ் சுமார் இரண்டு மைல். இருந்தாலும், தெற்கே ஒன்றரை மைலில் இருப்பவரைவிட இவர் நிம்மதியாக வந்து சேருவார். ரயில் பகலில் 12 முதல் 15 நிமிடத்துக்கு ஒன்று வரும், நடைமேடையில் கூரை உண்டு, உள்ளே ஏசி. நேர அட்டவணையைப் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்ப முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அரை மணிக்கு ஒரு பஸ் வரும் தெருவில் இருந்தவருக்குத் தெரியும். இரவு இடைவெளி கூடும். ஆனாலும் நள்ளிரவை ஒட்டி வரை ஓடுகிறது.

கட்டணம் ஒரு பயணத்துக்கு 2 டாலர். ஒரு நாளில் எத்தனை முறை ஏறினாலும் 4 டாலருக்கு மேல் பிடிக்காது. ஏறுவதற்கு முன்பே நடைமேடையில் கார்டைத் தட்டிவிடுங்கள். உள்ளே வாசலில் தடுப்பு எதுவும் இல்லை என்று சும்மா ஏறிவிட்டு, சோதனைக்கு வருகிறவரிடம் முழிப்பவர்கள் ஒவ்வொரு செமஸ்டரிலும் உண்டு. மாணவர் பாஸ் இருக்கிறதா, என்ன விலை என்று பல்கலைக்கழகப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஒரே தண்டவாளம் திறந்துவிடும் இடங்களையும் பாருங்கள். மேற்கே போனால் 44-வது தெரு நிலையம். அங்கிருந்து விமான நிலையத்துக்கு இலவச ஸ்கை டிரெய்ன். இன்னும் போனால் ஃபீனிக்ஸ் டவுன்டவுன், அங்கே பல்கலைக்கழகத்தின் இன்னொரு கேம்பஸ். கிழக்கே போனால் மேசாவில் சிகமோர் நிலையம். இறங்கி நடந்தால் டாப்சன் சாலையில் மெகாங் பிளாசா, பெரிய ஆசிய மளிகைக் கடையோடு. சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். பெட்டிக்குள் தொங்கும் கொக்கியில் முன் சக்கரத்தை மாட்டிச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். முதல் நாள் தூக்கி மாட்டுவதற்குள் ரயில் கிளம்பி ஆட்டம் காட்டும். அப்புறம் கை பழகிவிடும்.

2022 மே மாதம் வந்த டெம்பி ஸ்ட்ரீட்கார், அதாவது சாலையில் ஓடும் டிராம், டார்சியில் தொடங்கி, மில் அவென்யூ வழியாக டெம்பி டவுன் லேக் ஏரிக்கரைக்குப் போகிறது. மொத்தமே 3 மைல். பல இடங்களில் கார்களோடு ஒரே தடத்தில் நின்று நின்று போவதால் வெள்ளிக்கிழமை இரவில் அவசரத்துக்கு ஆகாது. இதை நம்பி வீடு எடுக்க வேண்டாம்; ரயிலுக்குத் துணை என்ற அளவில் நல்லது.

அப்பாச்சியின் குறை என்ன? பழைய நெடுஞ்சாலை அது. அதன் மிச்சமாக மோட்டல்களும் டிரெய்லர் வீடுகளும் இன்னும் ஆங்காங்கே இருக்கின்றன. புதுக் கட்டடமும் தேய்ந்த கட்டடமும் அடுத்தடுத்து நிற்கும். பகலில் பார்த்துவிட்டு முன்பணம் கட்டாதீர்கள், இருட்டிய பிறகு நிலையத்திலிருந்து வாசல் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். ஸ்மித்-மார்ட்டின் நிலையத்தை ஒட்டி, 17 ஏக்கரில், குடியிருப்பவர்களுக்குக் கார் நிறுத்துமிடமே தராத கல்டெசாக் என்ற குடியிருப்பும் இருக்கிறது. 2023-இல் முதல் ஆட்கள் குடிவந்தார்கள். தார்ச் சாலை இல்லாத குறுகலான சந்துகள், வெள்ளைச் சுவர்கள், நிழல். உள்ளே நுழைந்தாலே வெக்கை குறைகிறது. மாணவர் பர்ஸுக்கு அது எட்டுமா என்பது வேறு கேள்வி.

மூன்றாவது, பிராட்வேக்கும் பேஸ்லைனுக்கும் நடுவே தெற்குப் பக்கம். வாடகை குறையும், வீடு பெரிதாகும், நாலு பேர் சேர்ந்து ஒரு முழு வீட்டையே எடுக்கலாம். ஆர்பிட் என்ற சின்ன பஸ்கள் வீட்டுத் தெருக்களுக்குள்ளேயே இலவசமாக ஓடுகின்றன. மெர்க்குரி, வீனஸ், மார்ஸ், ஜூபிடர் என்று வழித்தடங்களுக்குக் கிரகங்களின் பெயர். உள் தெருக்களில் பாதுகாப்பான ஓர் இடமாகப் பார்த்து நின்று கை காட்டினால் நிறுத்துவார்கள். இந்த ஊரிலா இப்படி என்று ஆச்சரியமாக இருக்கும். ஆனால் வளைந்து நெளிந்துதான் போகும், இரவு 10 மணியை ஒட்டி அடங்கிவிடும், ஞாயிற்றுக்கிழமை அதற்கும் முன்பே. ரூரல் சாலையில் ஓடும் 72-ஆம் எண் பஸ் நேராகப் போகும்; அது காசு கொடுத்து ஏறுவது. சாலையோரக் கம்பத்து நிழல் கதையும் அங்கேதான்.

தெற்கில் இருப்பவரை உண்மையில் காப்பாற்றுவது சைக்கிள். தரை தட்டையானது, சைக்கிள் தடங்களும் வாய்க்கால் ஓரப் பாதைகளும் நிறைய. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை காரில் போகிறவரைப் பார்த்துப் பாவப்படலாம். மற்ற மாதங்களில் காலை வெள்ளனவே கிளம்பி, இருட்டிய பிறகு திரும்ப வேண்டியதுதான். ஜூலை, ஆகஸ்ட் மாலைகளில் புழுதிப் புயல் சுவர் மாதிரி எழும்பி வந்தால் எங்கேயாவது ஒதுங்குங்கள். பூட்டுக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மெல்லிய கம்பிப் பூட்டை வெட்ட நிமிடம்கூட ஆகாது. கனமான யு வடிவப் பூட்டு வாங்குங்கள்.

எங்கே இருந்தாலும் ஊபரும், ஓட்டுநரே இல்லாத வேமோவும் துணைக்கு உண்டு. வாரச் சாமானுக்கு நாலு பேர் சேர்ந்து போய் வரலாம். தினப்படிக்கு வைத்துக்கொண்டால், மிச்சம் பிடித்த வாடகை அதிலேயே போய்விடும். பழைய கார் வாங்கலாமே என்பவர்கள் காரின் விலையை மட்டும் சொல்வார்கள். காப்பீட்டையும், ஆண்டுக்குப் பல நூறு டாலர் கேட்கும் கேம்பஸ் பார்க்கிங்கையும் அதோடு சேர்த்துப் பாருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் அப்பாச்சி தோற்கிற இடம் ஒன்று உண்டு: வேலை. சிப் துறையை நம்பி வருபவர்கள் இங்கே அதிகம். இன்டெலின் ஆலை தெற்கே சாண்ட்லர் ஊரின் ஓகோட்டிலோ பகுதியில். தைவானின் சிப் நிறுவனமான டிஎஸ்எம்சியின் ஆலை வடக்கு ஃபீனிக்ஸின் ஓரத்தில். இரண்டுக்கும் ரயில் போகாது. இன்டர்ன்ஷிப் கிடைத்தால், உடன் வேலை செய்பவரின் காரில் பங்கு போட்டுப் போகலாம். ஷிஃப்ட் வேலை என்றால் அதுவும் சரிப்படாது. அதனால் முதல் வருடம் அப்பாச்சியில் கார் இல்லாமல் இருந்துகொண்டே, வெயில் தணிந்த மாதங்களில் ஓட்டக் கற்று லைசென்ஸை எடுத்து வைத்துவிடுங்கள். வாடகை ஒப்பந்தத்தையும் ஒரு வருடத்துக்கு மேல் போடாதீர்கள்.