பொதுக் கன்வெர்ட்டரா, நிறுவனத்தின் சொந்தக் கன்வெர்ட்டரா?

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கணக்கெழுதும் எனக்கு மைப்பேனாதான் கைக்குப் பழகியது என்றாலும், புட்டியிலிருந்து மையை உறிஞ்சி வைத்துக்கொள்ள அதற்குள் செருகும் சிறு குழாயான கன்வெர்ட்டரை வாங்குவதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

பெலிக்கன், காவெகோ, ஃபேபர்-காஸ்டெல் போன்ற பேனா நிறுவனங்கள் குழாய் செருகும் வாய்க்குச் சர்வதேசப் பொது அளவைப் பின்பற்றுவதால், ஷ்மிட் கே5 போன்ற பொதுக் கன்வெர்ட்டர் இவற்றின் பல பேனாக்களில் பொருந்திவிடும். குட்டையான காவெகோ ஸ்போர்ட் போன்ற பேனாக்களில் அந்த நீளம் அடங்காது.

பார்க்கர், லேமி, பைலட் ஆகியவற்றின் வாய் அளவு வேறு என்பதால் அவரவர் கன்வெர்ட்டரே சரி. பைலட்டுக்குள்ளேயே பேதம் உண்டு: அதன் கான்-70 கன்வெர்ட்டர் சுமார் 1.1 மில்லி மை கொள்ளும், ஆனால் அதே நிறுவனத்தின் மெட்ரோபாலிட்டன் பேனாவுக்குள் நுழையாது. அதில் நுழையும் கான்-40 கொள்வதோ சுமார் 0.4 மில்லிதான்.

பொருந்தாததை அழுத்திச் செருகினால் முதலில் நிற்பதுபோலத்தான் தெரியும். நான் அப்படித் திணித்த நாளில், இணைப்பில் கசிந்த மை பேனாவின் கழுத்து வழியே இறங்கி, சாயங்காலத்துக்குள் வெள்ளைச் சட்டைப்பையில் உள்ளங்கையளவு நீலம் படர்ந்துவிட்டது.

சர்வதேச அளவுள்ள பல பேனாக்களை மாற்றி எழுதுபவருக்குப் பொதுக் கன்வெர்ட்டரே வசதி என்பேன். ஒரே பேனாவை வைத்திருப்பவர், விலை சற்றுக் கூடினாலும், அதன் நிறுவனத்துடையதையே வாங்கலாம். கடைக்குப் போகும்போது பேனாவையும் கையோடு கொண்டுபோனால், அங்கேயே பொருத்தித் தண்ணீரை உறிஞ்சிப் பார்த்துவிடலாம்.