87 பகுதிகளும் ஒரு கரகரத்த குரலும்: ஜோ ஷுன்னுக்காக எடுத்த சந்தா

சீன நடிகை ஜோ ஷுன்னின் படங்களையும் தொடர்களையும் ஒரே இடத்தில் பார்க்க முடியும் என்ற எண்ணத்தில், கிழக்காசியத் தொடர்களை வழங்கும் ஓர் இணையச் சேவைக்கு மூன்று மாதச் சந்தா கட்டினேன். சேவையின் பெயரைச் சொல்லாமலே அதன் நிறைகுறைகளைச் சொல்லிவிட முடியும். எனக்கு வேண்டியிருந்தது முக்கியமாக ஒன்றுதான்: அவர் நடிப்பை அவருடைய சொந்தக் குரலோடு பார்க்க வேண்டும்.

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. சீனத் தொலைக்காட்சித் தொடர்களில், குறிப்பாகச் சரித்திரத் தொடர்களில், திரையில் தெரிபவர் ஒருவராகவும் பேசுபவர் வேறொருவராகவும் இருப்பது நெடுநாள் வழக்கம். படப்பிடிப்புத் தளத்தின் இரைச்சல், நடிகர்களின் வட்டார உச்சரிப்பு, படம் எடுத்த பிறகு வசனத்தில் வரும் மாற்றங்கள் எனப் பல காரணங்களால் பின்னணிக் குரல் கலைஞர்களே பேசிவிடுகின்றனர். ஜெஜியாங் மாகாணத்தில் 1974இல் பிறந்த ஜோ ஷுன்னின் குரலோ, சற்றே கரகரத்து, தாழ்ந்து ஒலிப்பது. 2003இல் வெளிவந்த வாள்வீரர் தொடர் ஒன்றில் துடுக்கான இளம் நாயகி ஹுவாங் ரோங்காக நடித்தபோது, இந்தக் குரல் அந்தப் பெண்ணுக்குப் பொருந்தவில்லை என்று கதையின் ரசிகர்கள் குறைப்பட்டுக்கொண்டனர். என்னைக் கேட்டால், அவருடைய நடிப்பில் பாதி அந்தக் கரகரப்பில்தான் இருக்கிறது.

முதலில் பார்த்தது 2018ஆம் ஆண்டின் ‘ரூயி’ தொடர். 87 பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம். சிங் வம்சத்துப் பேரரசர் சியன்லோங்கின் இரண்டாம் பேரரசியின் வாழ்வை அடியொற்றிய கதை இது. 1765இல் பேரரசரோடு தெற்கே பயணம் சென்றிருந்தபோது அந்தப் பேரரசி தம் கூந்தலை அறுத்துக்கொண்டார் என்றும், மறு ஆண்டு இறந்தபோது பேரரசிக்குரிய மரியாதைகள் இன்றியே அடக்கம் செய்யப்பட்டார் என்றும் வரலாறு சொல்கிறது. சிங் அரசர்களின் இனமான மஞ்சுக்களின் வழக்கப்படி அரச குடும்பத்தின் மிகப் பெரிய துக்கத்தில் மட்டுமே பெண்கள் கூந்தலை வெட்டலாம். கணவன் உயிரோடு இருக்கையில் அதைச் செய்வது அவனுக்குச் சாவு வேண்டுவதற்கு ஒப்பாகும். தொடரின் எழுத்தாளர் இந்த ஒரு செயலை எடுத்துக்கொண்டு, அது வரை ஒரு பெண் எப்படி வந்து சேர்ந்தாள் என்று பின்னோக்கி யோசித்திருக்கிறார். அதே ஆண்டு, இதற்குச் சில வாரங்கள் முன்னதாக ஒளிபரப்பான மற்றோர் அரண்மனைத் தொடரில் இதே பேரரசி வஞ்சகியாக வருகிறார் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் சுவை கூடும்.

முதல் சில பகுதிகளைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நாற்பதைக் கடந்த நடிகை பதின்வயதுப் பெண்ணாகக் கண்களை அகல விரித்துத் துள்ளுவதை ஒளியமைப்பாலும் ஒப்பனையாலும் மறைக்க முடியவில்லை. குரலும் அந்த வயதுக்கு இணங்கவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கதாநாயகி அரண்மனையின் படிநிலைகளில் ஏறி இறங்கத் தொடங்கியபின், குரல் மெல்ல மெல்லத் தன் இடத்துக்கு வருகிறது. ஹுவோ ஜியன்ஹுவா நடித்த பேரரசரிடம் அவர் கோபப்படும் இடங்களில் சத்தம் உயர்வதே இல்லை. சொல்லின் கடைசி அசை காற்றாகத் தேய்ந்து போகிறது, அவ்வளவுதான். கூந்தலை அறுக்கும் காட்சிக்கு வரும்போது கோபத்தைவிடக் களைப்பே மேலோங்கிக் கேட்கிறது. இதை இன்னொருவர் குரலில் கேட்டிருந்தால் அழுகைக் காட்சியாக முடிந்திருக்கும்.

சேவை இங்கேதான் பிழை செய்கிறது. படத்தின் தெளிவிலோ ஒலியிலோ குறையில்லை. ஆனால் தமிழில் துணைவசனம் கிடையாது; இருக்கும் ஆங்கிலத் துணைவசனமோ அரண்மனை மொழியைத் தரைமட்டமாக்கி விடுகிறது. பேரரசரின் முன்னிலையில் மனைவியர் தம்மைச் ‘சென்சியே’ என்று தாழ்த்திச் சொல்லிக்கொள்கின்றனர். தமிழில் ‘அடியவள்’ என்றால் ஓரளவு பொருந்தும். சாதாரணமாக ‘நான்’ என்பதற்கு ‘வோ’ என்ற சொல் இருக்கிறது. இரண்டையும் துணைவசனம் ஒரே சொல்லால் கடந்து போகிறது. எந்த இடத்தில் மனைவி பேசுகிறாள், எந்த இடத்தில் குடிமகள் பேசுகிறாள் என்பதே கதையாக இருக்கும் தொடரில் இது சிறிய குறையன்று. பேரரசியில் தொடங்கி எட்டுப் படிகள் கொண்ட பட்டங்களின் வரிசையும் அப்படித்தான்: ஒரே பட்டம் அடுத்தடுத்த பகுதிகளில் வெவ்வேறு சொல்லாக வருவதால், யார் யாருக்கு மண்டியிட வேண்டும் என்பதை நடிகையரின் தலையணியைப் பார்த்துத்தான் கண்டுகொள்ள வேண்டியிருந்தது. பகுதி முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியவுடன் அடுத்த பகுதிக்குத் தாவிவிடும் வழக்கத்தையும் அமைப்புகளுக்குள் போய் நிறுத்திவிடுவது நல்லது.

தேடும் வசதி இதைவிட மோசம். நடிகையின் பெயரைத் தட்டினால் ‘ரூயி’ மட்டுமே வந்தது. மற்றவை எழுத்துக்கூட்டல் மாறிய வேறு பெயர்களில் சிதறிக் கிடந்தன. அப்படித் தேடி எடுத்ததுதான் 2000ஆம் ஆண்டு வெளியான, லோவ் யே இயக்கிய ‘சூஜோ ஆறு’. ஷாங்ஹாயின் அழுக்கடைந்த ஆற்றங்கரையில் நடக்கும் இக்கதையில், ஆற்றில் குதித்து மறையும் மூடான், மதுக்கூடத்துத் தொட்டியில் கடற்கன்னி வேடமிட்டு நீந்தும் மேமே என இரண்டு பெண்களாக நடிக்கிறார் ஜோ ஷுன். இருவரும் ஒருவர்தானா என்ற ஐயம் படம் முழுவதும் நீள்கிறது. கதை சொல்லும் காணொளிக் கலைஞன் திரையில் முகம் காட்டுவதே இல்லை என்பதால், நடிகை பெரும்பாலும் கேமராவைப் பார்த்தே காதலிக்கவும் சண்டையிடவும் வேண்டியிருந்தது. ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது பெற்ற இப்படத்தின் காரணமாக இயக்குநருக்கு உள்நாட்டில் இரண்டு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான இந்த ஒரு படத்துக்கே சந்தாவின் ஒரு மாதப் பணம் தகும்.

2005இல் வந்த ‘ஒருவேளை காதல்’ இசைப்படத்துக்காக ஹாங்காங் திரைப்பட விருதும் தைவானின் தங்கக் குதிரை விருதும் அவருக்குக் கிடைத்தன. நடனங்களை அமைத்தவர்களில் நம் நாட்டு ஃபரா கானும் ஒருவர் என்பதைத் தவிர அதில் எனக்குப் பெரிதாக ஒன்றும் ஒட்டவில்லை. அதைவிட மேலானது, சீனாவின் தங்கச் சேவல் விருதை அவருக்குப் பெற்றுத் தந்த, 2008இல் ட்சாவ் பாவ்பிங் இயக்கிய படம். குன்மிங் நகரத்தில் டாக்சி ஓட்டும் லீ மி, காணாமற்போன காதலனை நான்கு ஆண்டுகளாகத் தேடுகிறாள், ஏறும் பயணிகளிடமெல்லாம் விசாரிக்கிறாள், ஓயாமல் புகைக்கிறாள். அந்தப் புகையும் தூக்கமின்மையும் குரலில் அப்படியே ஏறியிருக்கின்றன. ஹுவாங் ரோங்குக்குக் குறையாகத் தோன்றிய அதே குரல்தான்.

மதிப்பெண் கேட்டால், நடிகைக்காக ஐந்துக்கு நாலரையும் சேவைக்கு இரண்டரையும் தருவேன். புதிதாகப் பார்ப்பவர்கள் ‘சூஜோ ஆறு’, லீ மி, அதன் பிறகு ‘ரூயி’ என்ற வரிசையில் போகலாம். ‘ரூயி’யின் தொடக்கத்தில் பொறுமை இழந்தால் பத்தாம் பகுதி வரையாவது காத்திருங்கள். மூன்று மாதம் முடிந்தபின் சந்தாவை இன்னும் ஒரு மாதம் நீட்டித்திருக்கிறேன். இதே கதையின் 1987ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் நடிகை கோங் லி ஏற்ற அதே ஜியூவர் வேடத்தை ஜோ ஷுன் ஏற்ற, 2014ஆம் ஆண்டின் ‘சிவப்புச் சோளம்’ தொடரில் 60 பகுதிகளுள் இப்போதுதான் 22ஆவதில் இருக்கிறேன்.