பாம்பா, ஓணானா, ஆமையா: செல்ல ஊர்வனவற்றுள் எதற்கு அறிவு அதிகம்?

வண்ண மீன்களுக்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூருக்கு வருபவர்களில் சிலர் இப்போது பால் பைத்தான் (ball python) என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பையும், இகுவானா என்னும் பெரிய ஓணானையும் விசாரிக்கிறார்கள். விலைக்கு அடுத்து அவர்கள் கேட்பது, “இதுக்கு நம்மள அடையாளம் தெரியுமா?” என்பதுதான். விற்பவர் தெரியும் என்பார்; வீட்டுப் பெரியவர்கள் பாம்புக்கு ஏது அறிவு என்பார்கள். இரண்டையும் அப்படியே ஏற்பதற்கில்லை.

பாம்பை மந்தமென்று முடிவுகட்டியதில் சோதனை முறைக்கும் பங்குண்டு. எலிக்கோ புறாவுக்கோ ஒவ்வொரு சரியான செயலுக்கும் ஒரு தீனி கொடுத்துப் பழக்கலாம். வாரத்துக்கு ஒருமுறையோ அதைவிட அரிதாகவோ இரையெடுக்கும் பாம்பிடம் அந்த வழி செல்லாது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹோல்ட்ஸ்மன் இரையை விட்டுவிட்டு, பாம்பு உண்மையில் விரும்பும் மறைவிடத்தையே பரிசாக்கினார். திறந்த அரங்கில் பல துளைகளை அமைத்து, அவற்றுள் ஒன்றை மட்டும் ஒளிந்துகொள்ள ஏற்றதாக வைத்தபோது, கார்ன் ஸ்நேக் என்னும் அமெரிக்கப் பாம்புகள் சில நாள் பயிற்சியிலேயே அதை விரைந்து கண்டடைந்ததை அவரது குழு 1999இல் பதிவுசெய்தது. ஆனால், இடத்தை நினைவில் வைப்பது வேறு, ஆளை நேசிப்பது வேறு. பாம்பு உலகை அறிவது பெரும்பாலும் நாக்கு திரட்டித் தரும் வாசனை வழியாக. எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் நீட்டினால், பல ஆண்டுகள் வளர்த்தவரையும் அது இரையென்று கவ்வக்கூடும்.

ஓணான் வகைகளில் நிலைமை வேறு. பியர்டட் டிராகன் என்னும் ஆஸ்திரேலிய ஓணான்களை வைத்து இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தின் அன்னா வில்கின்சனும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்றப்பட்ட ஓணான் ஒன்று கம்பிக் கதவைத் தலையால் தள்ளித் திறந்ததைப் பார்த்தவை அதே முறையில் திறந்தன, பார்க்காதவை திறக்கவில்லை. உடும்பினமோ இன்னும் ஒரு படி மேல். ஆப்பிரிக்கக் கருங்கழுத்து உடும்புகள் எட்டுக்கும் கதவு பொருத்திய குழாய்க்குள் எலியை வைத்துக் கொடுத்தபோது, எட்டுமே பத்து நிமிடத்துக்குள் திறந்துவிட்டதாக 2008ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. நம்மூர் உடும்பை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால் அந்தப் பேச்சை இங்கேயே விட்டுவிடலாம்.

என் கணக்கில் மிகவும் குறைத்து மதிப்பிடப்படுவது ஆமைதான். தென்னமெரிக்கச் செங்கால் ஆமை தனித்து வாழ்வது. இருந்தும், வேலியைச் சுற்றிச் சென்று உணவை எடுத்த இன்னோர் ஆமையைப் பார்த்ததும் அதே வழியைக் கற்றுக்கொண்டது. மிருகக்காட்சிசாலைகளில் பயிற்றப்பட்ட ராட்சத ஆமைகள் தாம் கற்றதை ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மறக்கவில்லை என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. தீனி டப்பாவைக் கண்டதும் கண்ணாடித் தொட்டியின் விளிம்புக்கு நீந்திவரும் செங்காது ஆமையின் செயலும், சிறியதே ஆனாலும், கற்றல்தான். ஆமை புகுந்த வீட்டையும் அமீனா புகுந்த வீட்டையும் பழமொழி ஒன்றாக வைக்கிறது. நட்சத்திர ஆமையை அதிர்ஷ்டமென்று ஒளித்து வளர்க்கும் வீட்டுக்கு இரண்டுமே வரும், அமீனாவுக்குப் பதில் வனத்துறையினர்.

ஒப்பிடும்போது உடல் வெப்பத்தையும் பார்க்க வேண்டும். ஏசி அறையில் குளிர்ந்து கிடக்கும் ஊர்வனம் எதுவும் மந்தமாகவே தெரியும். ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்துக் கடற்காற்றின் ஈரம், வறண்ட நிலத்து விலங்கான பியர்டட் டிராகனுக்கு ஒத்துவராது. அறிவில் அது பைத்தானை முந்தினாலும் இந்த ஊரில் வளர்க்க எளிதானதன்று.

ஆக, புதிதாக எதையாவது கற்றுக்கொள்வதைப் பார்க்க விரும்புபவருக்கு பைத்தானைவிடச் சட்டப்படி கிடைக்கும் ஆமையே பொருத்தம். பைத்தானைத்தான் வாங்குவேன் என்பவர், அது காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிரினம் என்பதால், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். பிறகு, ஒவ்வொரு முறை கையில் எடுக்குமுன்னும் கொக்கிக் கம்பியால் அதன் உடலை மெல்லத் தொட்டுப் பழக்கலாம். தொடாமல் பெட்டி திறந்தால் இரை, தொட்டுத் திறந்தால் இரையில்லை என்பதைப் பிரித்தறியும் அளவுக்கு அதற்குப் புத்தி உண்டு.