ஆறு வருடமாக எல்எஸ், ஸ்டாட், ஃபைண்ட்: ஒரு ஸ்டூடியோ அனுபவம்

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. கலியாணம், சாமத்திய வீடு, மாமாங்கத் தீர்த்தம் என்று வருடம் முழுக்கப் படங்கள் சேரும். கடைக் கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டு ஆறு வருடமாகிறது. அன்று முதல் பைல் தேடுவது, கட்டளைகளை அடித்து வேலை வாங்கும் டெர்மினலில்தான்.

அதிகம் அடிப்பது, பைல்களைப் பட்டியலிடும் 'எல்எஸ் -எல்டிஆர்'. கடைசியாக மாறிய பைல் பட்டியலின் அடியில் வந்து நிற்கும். ஆயிரம் படம் உள்ள ஃபோல்டரிலும் மேலே உருட்டத் தேவையில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் பழைய பைல் என்றால் மணியை விட்டுவிட்டு ஆண்டைத்தான் காட்டும். '--ஃபுல்-டைம்' சேர்த்தால் நொடி வரை தெரியும்.

ஒவ்வொரு பைலுக்கும் கணினி சில நேரங்களைக் குறித்து வைக்கும். அதில் முதல் வருடம் என்னைக் குழப்பியது சிடைம். பைல் உருவான நேரம் என்றே நினைத்திருந்தேன். இல்லை, பைலின் விவரங்கள் மாறிய நேரம் அது. அனுமதியை மாற்றினாலே நகர்ந்துவிடும். உள்ளடக்கம் மாறியது எம்டைம், படித்தது ஏடைம். ஏடைமை நம்பி எதையும் அழிக்காதீர்கள். 2009இல் வந்த லினக்ஸின் 2.6.30 கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முதல், ஏடைமைச் சில வேளைகளில் மட்டும் புதுப்பிக்கும் 'ரெல்ஏடைம்' இயல்பாகவே இருப்பதால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது பதிவாகாது. சந்தேகம் வந்தால், ஒரு பைலின் விவரங்களைக் காட்டும் 'ஸ்டாட்' போட்டுப் பார்ப்பேன். உருவான நேரம் உட்பட நான்கையும் ஒரே இடத்தில் காட்டும்.

ஒரு முறை அப்பாவின் பழைய டிஸ்க்கிலிருந்து பைலை நகலெடுக்கும் வெறும் 'சிபி'யால் படங்களை ஏற்றினேன். எல்லாப் படத்துக்கும் அன்றைய திகதியே விழுந்துவிட்டது. மூல டிஸ்க் கையில் இருந்ததால் தப்பினேன். அப்புறம் எப்போதும் 'சிபி -பி'தான். அது எம்டைமை அப்படியே கொண்டுவரும்.

அதன் அருமை போன வருடம்தான் முழுதாகப் புரிந்தது. முன்பு நாவலடியில் இருந்த ஒரு அக்கா கடைக்கு வந்தார்.

"தம்பி, வீட்டுப் படமெல்லாம் சுனாமியோட போச்சு. அடுத்த பங்குனியில உங்கட அப்பா எடுத்ததுதான் அம்மாட கடைசிப் படம். இருக்குமா?"

பைல் பெயர்களோ வெறும் இலக்கங்கள். அந்தப் பங்குனிக்குள் எம்டைம் விழுந்த பைல்களை மட்டும் தேட, 'ஃபைண்ட் . -நியூவர்எம்டி 2005-03-14 ! -நியூவர்எம்டி 2005-04-14' என்று அடித்தேன். நாற்பது சொச்சம் படங்கள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறக்க, பதினேழாவதில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பைலுக்கு ஸ்டாட் போட்டபோது நேரத்தின் பக்கத்தில் +0600 என்று, அதாவது உலகப் பொது நேரத்தை விட ஆறு மணி முன்னே என்று இருந்தது. பிழையோ என்று ஒரு கணம் யோசித்தேன். சரியாகத்தான் காட்டியிருக்கிறது: இலங்கை நேரம் +5:30க்குத் திரும்பியது 2006 ஏப்ரல் 15இல்தான். நேர வலயத் தரவில் அந்த மாற்றமும் இருப்பதால், 2005இன் மணி அப்படியே கிடைக்கிறது.

"பின்னேரம் நாலு மணி பன்னிரண்டு நிமிடம் அக்கா."

"ஓம் தம்பி, வெயில் தாழட்டும் என்று அம்மாவை முற்றத்தில இருத்திவைச்சுத்தான் எடுத்தவர்."