சட்டைப்பை டார்ச்: சார்ஜ் போடுவதா, செல் மாற்றுவதா?

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கம் லயங்களில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருப்பவர்களின் சட்டைப்பையில் ஒரு சின்ன டார்ச் கட்டாயம் இருக்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்தபோது கரண்டும் இல்லை, போன் சிக்னலும் இல்லை; சேதி வெளியே தெரிந்ததே மறுநாள் காலையில்தான். போன் லைட்டையே நம்பியிருந்தால், அவசர உதவிக்கு 112-ஐ அழைக்க வேண்டிய சார்ஜும் அதிலேயே தீர்ந்துவிடும்.

சார்ஜ் டார்ச்சில் பெரும்பாலும் வெளிச்சம் தூக்கல். தினமும் இருட்டில் நடப்பவர்களுக்குச் செலவும் மிச்சம். ஆனால் கரண்ட் மூன்று நாள் வராவிட்டால் பவர் பேங்க் வேண்டும். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி தளர்ந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். இன்னொன்று, மூடுபனியில் பளிச்சென்று அடித்தால் வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பும். மங்கலாக வைத்துக் காலடியைப் பார்த்துப் போவதுதான் சரி.

பென்சில் செல் டார்ச்சில் பெரும்பாலும் அந்தப் பளிச்சு இருக்காது; ஆனால் அது தேவையும் இல்லை என்பதே என் எண்ணம். செல் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும்; அவசரத்துக்குச் சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றியும் போடலாம். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் மட்டும் செல் கசிந்து, வெள்ளைப்பொடி பூத்து, ஸ்பிரிங்கை அரித்துவிடும். அவ்வப்போது திறந்து பாருங்கள்.

ஜூன் முதல் நவம்பர் வரை, இரண்டு மழைக்கும், நான் செல் டார்ச்சைத்தான் சொல்வேன். மாற்றுச் செல்களைச் சாவி, சில்லறையோடு போடாமல் தனியாக பிளாஸ்டிக் கவரில் சுற்றி வையுங்கள்; உலோகம் பட்டால் செல் சூடாகி வீணாகும்.